பதினொரு நாட்களாக நகராத பெட்டி

அன்புள்ள ஐயா,

வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. இரவு அடுப்படி வேலை முடிந்து, மாமியாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, படுப்பதற்கு முன் கைப்பேசியில் பெட்டி தள்ளும் விளையாட்டை ஆடுவது ஓராண்டாக என் வழக்கம். ஓர் ஆள், சில பெட்டிகள், சுவர், பெட்டி போய்ச் சேர வேண்டிய புள்ளிகள். வேறு எதுவும் அதில் இல்லை. இப்போது அதில் ஒரு நிலையை (லெவல்) முடிக்க முடியாமல் பதினொரு நாட்களாக நிற்கிறேன். ஆறு பெட்டிகளில் இரண்டு தொடக்கத்திலேயே இடத்தில் இருக்கின்றன. மீதி நான்கைச் சேர்க்க முடியவில்லை. "யூடியூபில் விடை இருக்கு அத்தை, ரெண்டு நிமிஷம்தான்" என்கிறான் அண்ணன் மகன். இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கிறார் கணவர். "நாங்க திண்ணையில் கரிக்கோடு போட்டு ஆடுபுலி ஆடினோம், எதிரே ஓர் ஆளாவது இருந்தது" என்கிறார் மாமியார். விடையைப் பார்த்துவிடலாமா? நகர்த்தியதைத் திரும்பப் பெறும் பொத்தானை அழுத்துவது ஏமாற்றா? அந்த நிலையைக் கட்டத்தாளில் வரைந்து இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய தாளைக் கூடத்தில் விரித்து, பெட்டிகளுக்குப் புளியங்கொட்டைகளும் ஆளுக்கு ஒரு சோழியும் வைத்து ஆடிப் பார்த்தேன். மூன்று மாலைகள் ஆயின. இரண்டாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணிய வேளையில் கடைசிக் கொட்டை மட்டும் சந்துக்கு இந்தப் பக்கம் நின்றது. உங்கள் பதினொரு நாட்கள் எப்படிப்பட்டவை என்று அப்போது புரிந்தது.

இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூலம் சோகோபான். ஹிரோயுகி இமாபயாஷி உருவாக்கி, திங்கிங் ராபிட் நிறுவனத்தின் வழியாக 1982-இல் ஜப்பானில் வெளிவந்தது. பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தள்ளலாம். விதிகள் இவ்வளவே. சோகோபான் என்ற சொல்லுக்குக் கிடங்குக்காரர் என்று பொருள் என்பதை அறிந்த நாளிலிருந்து இந்த விளையாட்டு எனக்கு அந்நியமாகத் தோன்றியதில்லை. என் தந்தையார் கும்பகோணத்தை அடுத்த ஓர் அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். பள்ளி விட்டதும் நான் போய் உட்காருவது அந்த ஆலையின் கிடங்கில்தான். சம்பா அறுவடை முடிந்து வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும்போது, முதல் மூட்டையை இறக்குவதற்கு முன் மேஸ்திரி வெறுந்தரையைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் நிற்பார். எந்த நெல் முதலில் அரைவைக்குப் போகும், மூட்டைகளை அடுக்கும் எந்த அட்டிக்கும் எந்த அட்டிக்கும் நடுவே ஆள் போகச் சந்து வேண்டும் என்பதெல்லாம் அந்த மௌனத்தில் முடிவாகிவிடும். ஓர் ஆண்டு அவர் ஊரில் இல்லாத நாளில் அவசரமாக வாசலோரம் அட்டி போட்டுவிட்டார்கள். பின்னால் கிடந்த பழைய நெல்லை எடுப்பதற்காக முன்னால் இருந்த மூட்டைகள் அத்தனையையும் தோளில் சுமந்து வெளியே வைத்து, மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டியதாயிற்று. உங்கள் கைப்பேசியில் நடப்பதும் இதுவேதான். ஒரே வேறுபாடு, அங்கே மூட்டையைத் தூக்க முடிந்தது, இங்கே தள்ள மட்டுமே முடியும்.

தள்ள மட்டுமே முடியும் என்ற அந்த ஒரு விதியிலிருந்து எவ்வளவு பிறக்கிறது என்று பாருங்கள். புள்ளி இல்லாத மூலையில் சிக்கிய பெட்டி செத்த பெட்டி என்பதை முதல் நாளே கண்டிருப்பீர்கள். நேரான சுவரோடு ஒட்டிய பெட்டி அந்தச் சுவரை விட்டு விலகாது என்பதும், ஆகவே அந்தச் சுவரோரம் புள்ளி எதுவும் இல்லையென்றால் அது இன்னும் நகர்ந்துகொண்டிருந்தாலும் ஆட்டம் முடிந்துவிட்டது என்பதும் சற்றுப் பின்னால் தெரியவரும். சுவரோரம் அடுத்தடுத்து ஒட்டிய இரண்டு பெட்டிகள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்வது அதற்கும் பிறகு. இவை எவையும் எழுதி வைக்கப்பட்ட விதிகள் இல்லை. நாமே தோற்றுத் தோற்றுக் கண்டெடுப்பவை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசஃப் கல்பர்சன், இந்த விளையாட்டின் பொது வடிவம் கணிப்பொறிக்கே மிகக் கடினமான சிக்கல்களின் வகுப்பைச் சேர்ந்தது என்று 1997-இல் நிறுவினார். ஆகவே பதினொரு நாட்கள் நிற்பது உங்கள் அறிவுக்குக் குறைவு என்று ஒருபோதும் எண்ண வேண்டாம்.

விடைக் காணொளியைப் பார்க்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். கதையுள்ள விளையாட்டில் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு வழியைக் கேட்டறிந்தால், அதற்கப்பால் கதை காத்திருக்கிறது. இங்கே அப்பால் இருப்பதும் இதே ஆள், இதே பெட்டி, இதே சுவர். வண்ணம், கதை, பரிசு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, "இது எப்படி?" என்ற ஒரு கேள்வியை மட்டும் செய்தவர் உங்கள் கையில் கொடுத்திருக்கிறார், பதிலையும் வாங்கிக்கொண்டால் ஆடுவதற்கென்று அதில் ஒன்றும் மிஞ்சாது. மேலும், நல்ல விளையாட்டில் ஒரு நிலையில் நாம் கண்டுபிடிப்பதை நம்பித்தான் அடுத்த நிலை கட்டப்படுகிறது. பின்லாந்தின் ஆர்வி டெய்காரி செய்து 2019-இல் வெளிவந்த பாபா இஸ் யூ இதற்குச் சிறந்த சான்று. அதில் விதிகளே தள்ளக்கூடிய சொற்களாகத் தரையில் கிடக்கின்றன; சுவர் தடுக்கும் என்று சொல்லும் தொடரிலிருந்து ஒரு சொல்லைத் தள்ளி விலக்கிவிட்டால் சுவருக்குள் நடந்து போகலாம். இதைத் தானாகக் கண்டவர் அடுத்த அறையில் நுழைந்ததும் எந்தச் சொல்லை உடைக்கலாம் என்று தேடுவார். கேட்டுத் தெரிந்துகொண்டவர் அடுத்த அறைக்கும் கேட்கத்தான் வேண்டும். மிகவும் தவித்தால், எந்தப் பெட்டி முதலில் என்று மட்டும் உங்கள் மருமகனைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

திரும்பப் பெறும் பொத்தான் ஏமாற்று இல்லை, தாராளமாக அழுத்துங்கள். ஆனால் முடிவில் மாட்டிக்கொண்டு, கடைசி நான்கைந்து நகர்வுகளை மட்டும் மாற்றி மாற்றிப் பார்ப்பதில் நாட்கள் போய்விடும். பிழை பெரும்பாலும் தொடக்கத்தில், நாம் ஐயப்படாத இடத்தில் இருக்கும். அப்போது முழுவதையும் கலைத்து, கையை எடுத்துக்கொண்டு, பின்னாலிருந்து யோசியுங்கள்: பெட்டிகள் எல்லாம் புள்ளிகளில் இருப்பதாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இழுத்து வெளியே எடுங்கள். இழுப்பதற்குப் பெட்டிக்குப் பின்னால் இரண்டு கட்டம் காலியாக வேண்டும் அல்லவா, அந்த இரண்டு கட்டம் எந்தப் புள்ளிக்கு இருக்கிறது, எதற்கு இல்லை என்று பார்த்தாலே வரிசை பாதி தெரிந்துவிடும். எனக்கு மூன்றாம் மாலையில் உதவியது இதுதான்.

உங்கள் மாமியார் சொன்னதை நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று சந்திகள் என்று நம் திண்ணைகளில் ஆடிய ஆட்டமும் இதே எளிமை உடையதுதான். எதிரே ஆள் இல்லை என்பதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். அந்த நிலையைக் கட்டியவர் தம் நகர்வுகள் அனைத்தையும் முன்னமே செய்து முடித்துவிட்டு எதிரே அமர்ந்திருக்கிறார். நீங்கள் எங்கே ஏமாறுவீர்கள் என்று ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணிப் பார்த்திருக்கிறார். அந்தத் தாளை மாமியாரிடமும் காட்டுங்கள். ஆட்டை வெட்டுக் கொடுக்காமல் புலியைக் கட்டத் தெரிந்தவருக்கு இது பிடிபடும். உங்கள் கணவர் கேட்ட பயனைப் பற்றி, நாள் முழுக்கப் பிறர் வேலையைச் செய்த ஒருவர் அரைமணி நேரம் தமக்குப் பிடித்ததில் முழுமனதோடு ஈடுபடுவதற்கு வேறு நியாயம் தேவையில்லை என்றே கருதுகிறேன்.

இனி உங்கள் நிலைக்கு வருகிறேன். விடையைச் சொல்ல மாட்டேன். தொடக்கத்திலேயே இடத்தில் இருப்பதாக நீங்கள் எழுதிய இரண்டு பெட்டிகளில், சந்தின் வாயருகே நிற்பதை இந்தப் பதினொரு நாட்களில் ஒருமுறையாவது அதன் புள்ளியிலிருந்து தள்ளிப் பார்த்தீர்களா?

அன்புடன்.