ஆடாமல் உட்கார்ந்திருந்த நாளும் கணக்கில் சேரும்

கேள்வி: என் மாமனார் அமெரிக்கர். வயது 89. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, 1955 ஜூனில் ஒரு மேஜர் லீக் பேஸ்பால் அணியில் சேர்ந்து இரண்டு வருடம் இருந்தாராம். ஆனால் இணையத்தில் அவர் பெயருக்கு நேரே மொத்தம் 11 ஆட்டம்தான் இருக்கிறது. “பழைய வீரர்களுக்குப் பணம் தருகிறார்கள், நான் வாங்கித் தருகிறேன்” என்று ஒருவர் வீட்டுக்கு வந்து போகிறார். முன்பணம் 1,500 டாலர், பிறகு வருவதில் ஐந்தில் ஒரு பங்கு கேட்கிறார். பழைய ஒப்பந்தப் பத்திரத்தையும் கேட்கிறார். கொடுக்கலாமா? 11 ஆட்டத்துக்கு உண்மையிலேயே ஏதாவது கிடைக்குமா? (வாசகி, ஓஹையோ)

பதில்: சகோதரி, பணமும் கொடுக்காதீர்கள், பத்திரமும் கொடுக்காதீர்கள். அந்த ஆளை இனி வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆனால் மாமனாருக்குப் பணம் வர வாய்ப்பிருக்கிறது, அதுவும் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே. அந்த 11 என்ற எண்ணை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இந்தக் கணக்கில் ஆட்டத்தை யாரும் எண்ணுவதில்லை, நாளைத்தான் எண்ணுகிறார்கள்.

முதலில் அந்தப் பணம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் ஆடிய வீரர்களுக்கான பென்ஷன் திட்டம் 1947-இல் தொடங்கியது. ஆரம்பத்தில் ஐந்து வருடம் பெரிய அணியில் இருந்தவருக்குத்தான் பென்ஷன். 1969-இல் அதை நான்கு வருடமாகக் குறைத்தார்கள். 1980 ஒப்பந்தத்தில் 43 நாள் இருந்தாலே பென்ஷன் உரிமை, ஒரே நாள் இருந்தாலும் மருத்துவக் காப்பீடு என்று ஆக்கினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் அதை முன்தேதியிட்டு அமல்படுத்தவில்லை. 1979 வரை ஆடிவிட்டு, நான்கு வருடத்தை எட்டாமல் போனவர்கள் அப்படியே வெளியே நின்றார்கள். வீரர்கள் சங்கமும் அவர்களுக்காகப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. ஓய்வு பெற்றவர் தொழிலாளி அல்லர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971-இலேயே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. 31 வருடம் கழித்து, 2011 ஏப்ரலில்தான் மனமிரங்கி ஓர் ஏற்பாடு செய்தார்கள். அணியில் இருந்த ஒவ்வொரு 43 நாளுக்கும் வருடத்துக்கு 625 டாலர், உச்சவரம்பு 10,000. 2022-இல் இதில் 15 சதவீதம் கூட்டினார்கள். இப்போது ஒவ்வொரு 43 நாளுக்கும் 718.75 டாலர், உச்சவரம்பு 11,500. வரி பிடித்தம் தனி.

இது பென்ஷன் அல்ல, பெயரிலும் அல்ல, தன்மையிலும் அல்ல. மருத்துவக் காப்பீடு இதோடு வராது. வாங்குபவர் கண்ணை மூடினால் பணம் நின்றுவிடும். மனைவிக்கோ பிள்ளைக்கோ போகாது. கோடிக்கணக்கில் சம்பளம் புழங்கும் ஒரு விளையாட்டு, தொண்ணூறு வயதுக் கிழவரின் விதவைக்கு நாலு காசு தொடர்ந்து தர மாட்டேன் என்கிறது. இருபது வருடமாக இந்தத் துறையில் கணக்குப் பார்த்துத் தருகிறேன். இந்த ஒரு வரியைக் குடும்பத்தாரிடம் சொல்லும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. அதனால்தான் உங்களை அவசரப்படுத்துகிறேன்.

இப்போது உங்கள் மாமனாரின் விஷயத்துக்கு வருவோம். அவர் சேர்ந்த வருடமும் வயதும் எனக்கு ஒரு சந்தேகத்தைக் கிளப்புகின்றன. சேரும்போது அவருக்கு 4,000 டாலருக்கு மேல் போனஸ் கொடுத்தார்களா என்று கேளுங்கள். ஆம் என்றால், அவர் அந்தக் காலத்தில் ‘போனஸ் பேபி’ என்று அழைக்கப்பட்டவர்களில் ஒருவர். பணக்கார அணிகள் திறமையான பையன்களையெல்லாம் வாங்கித் தங்கள் கீழ்நிலை அணிகளான மைனர் லீக் அணிகளில் அடைத்து வைத்துவிடக் கூடாது என்பதற்காக 1953 முதல் 1957 வரை ஒரு விதி இருந்தது. பெரிய போனஸ் வாங்கியவனை இரண்டு முழு வருடம் மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும், கீழே அனுப்பக் கூடாது. காகிதத்தில் நியாயமான விதி. நடந்தது வேறு. பதினெட்டு வயதுப் பையனைப் பெரிய ஆட்டத்தில் இறக்க எந்த மேனேஜருக்கும் துணிவில்லை. கீழே அனுப்பிப் பழக்கவும் வழியில்லை. பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கற்றுக்கொள்ள வேண்டிய இரண்டு வருடம் வீணாய்ப் போயிற்று. பின்னாளில் பெரும் புகழ் பெற்ற சாண்டி கோஃபாக்ஸ் போன்ற சிலர் அதையும் தாண்டி எழுந்தார்கள். பலர் எழவில்லை.

டாம் குவால்ட்டர்ஸ் என்று ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுபவர். பென்சில்வேனியா மாநிலம் மெக்கீஸ்போர்ட்காரர். 1953-இல், 18 வயதில், 40,000 டாலர் போனஸுக்கு ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணி அவரை எடுத்தது. அந்த வருடம் ஒரே ஓர் ஆட்டத்தில் பந்து வீசினார். ஒரே ஓர் ஆளைத்தான் அவுட் ஆக்க முடிந்தது. கொடுத்தது ஆறு ரன். ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுப்பார் என்று கணக்கிடும் சராசரியில் அவர் பெயருக்கு நேரே 162.00 என்று ஏறியது. நல்ல பிட்சருக்கு அது மூன்றைச் சுற்றி இருக்கும். அடுத்த வருடம், 1954 முழுக்க, அவர் அணியில் இருந்தார். சீருடை போட்டார், பயிற்சி செய்தார், அணியோடு ஊர் ஊராகப் போனார். ஓர் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. பிறகு 1957, 1958-இல் திரும்பி வந்து ஆடினார். மொத்தம் 34 ஆட்டம். வெற்றி ஒன்றும் இல்லை, தோல்வியும் ஒன்றும் இல்லை.

இவரை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், புள்ளிவிவரப் பக்கத்தில் தேடினால் 1954 என்ற வருடத்துக்கு அவர் பெயரில் ஆட்டக் கணக்கே இருக்காது. ஆடாத வருடத்துக்கு ஆட்டக் கணக்கு எங்கிருந்து வரும்? ஆனால் அந்த வருடம் முழுவதும் அவர் மேஜர் லீக் வீரர்தான். சேவைக் கணக்கில் 172 நாள் ஒரு முழு வருடம். அதை நான்காகப் பிரித்தால் வருவதுதான் அந்த 43. கிரிக்கெட்டில் டெஸ்ட் அணியோடு போய், தொடர் முழுக்கப் பெவிலியனில் உட்கார்ந்து திரும்பியவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோர்கார்டில் அவர் இருக்க மாட்டார். அணிப் பட்டியலில் இருப்பார். உங்களுக்கு வேண்டியது அணிப் பட்டியல்.

மாமனார் சொல்வது சரியென்றால், ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1955-இல் ஜூன் முதல் சீசன் முடிவு வரை சுமார் 100 நாள், அதாவது 43 நாளை ஒரு பங்காக வைத்தால் இரண்டு பங்கு. 1956 முழு சீசன், நான்கு பங்கு. 1957-இல் ஜூன் வரை இருந்திருந்தால் இன்னொரு பங்கு. ஆக ஏழு. ஏழு பெருக்கல் 718.75 என்றால் வருடத்துக்கு 5,031 டாலர் சொச்சம். அந்தத் தரகர் கேட்கும் ஐந்தில் ஒரு பங்கு, வருடா வருடம் ஆயிரம் டாலருக்கு மேல். எதற்கு? ஒரு கடிதம் எழுதுவதற்கு.

நீங்களே எழுதுங்கள். அதற்கு முன் மாமனாரின் பழைய வங்கிக் கணக்கையும் வரித் தாள்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2011 முதல் இது ஏற்கெனவே வந்துகொண்டிருந்து, வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். வரவில்லை என்றால், நியூயார்க்கில் உள்ள மேஜர் லீக் வீரர்கள் சங்கத்துக்கு அவர் கையெழுத்தோடு கடிதம் போகட்டும். கட்டணம் கிடையாது. கொலராடோ ஸ்பிரிங்ஸில் முன்னாள் வீரர்களின் சங்கமும் இருக்கிறது, அவர்களிடமும் வழி கேட்கலாம்.

தேதிகளுக்கு ஆதாரம் வேண்டுமே என்றால், ‘ஸ்போர்ட்டிங் நியூஸ்’ பத்திரிகை பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை எழுதி வைத்திருந்தது. எந்தத் தேதியில் எந்த அணி எடுத்தது, எப்போது கீழே அனுப்பியது, எப்போது விடுவித்தது என்று அதில் இருக்கும். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள எல்ஏ84 அறக்கட்டளை அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மாமனாரின் அட்டையைத் தேடி அச்சடித்துக் கடிதத்தோடு இணையுங்கள். கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் அருங்காட்சியகமான ஹால் ஆஃப் ஃபேமின் நூலகத்திலும் வீரர்வாரியாகக் கோப்புகள் உண்டு. கேட்டால் நகல் தருவார்கள்.

ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் இருந்தது மேஜர் லீக் அணிதானா? அந்தக் காலத்தில் மேஜர் லீக்கில் மொத்தமே 16 அணிகள். மைனர் லீக்குகளோ 1949-இல் மட்டும் 59. இரண்டுமே தொழில்முறை பேஸ்பால்தான், இரண்டிலும் சம்பளம் உண்டு. அதனால் தாத்தா ‘புரொஃபஷனலாக’ ஆடினார் என்ற பேச்சு மூன்று தலைமுறை தாண்டும்போது ‘மேஜர் லீக்’ என்று ஆகிவிடுகிறது. மைனர் லீக் நாளுக்கு இந்தத் திட்டத்தில் ஒரு டாலரும் இல்லை. உங்கள் மாமனாரின் அந்த 11 ஆட்டம் மேஜர் லீக் ஆட்டங்களாகப் பதிவாகி இருந்தால் இந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். 1947-க்கு முந்தையவர்கள், கறுப்பர் லீக் வீரர்கள் ஆகியோருக்கு வேறு ஏற்பாடுகள் இருந்தன. அவையும் உங்களுக்குத் தேவையில்லை.

அந்த ஒப்பந்தப் பத்திரம். வந்தவர் உண்மையில் குறிவைப்பது அதைத்தான் என்று நினைக்கிறேன். 1950-களின் அசல் ஒப்பந்தம், அணிக் கடிதம், சீருடை எல்லாமே சேகரிப்பாளர் சந்தையில் விலைபோகும் பொருள்கள். சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு குடும்பம், “விண்ணப்பத்துக்கு அசல் வேண்டும்” என்று சொன்னவரிடம் ஒரு பெட்டி நிறையத் தூக்கிக் கொடுத்திருந்தது. பெட்டி திரும்பவே இல்லை. விண்ணப்பமும் போகவில்லை. அந்தப் பெரியவர் கடைசிவரை அந்தப் பெட்டியைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். யார் கேட்டாலும் நகல் மட்டும் கொடுங்கள். தபாலில் வீரர் படம் போட்ட அட்டைகளை அனுப்பிக் கையெழுத்துக் கேட்பவர்கள் கூடவே ஒரு படிவமும் வைத்தால், அதில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மாமனாரிடம் சொல்லி வையுங்கள். பவர் பத்திரம் எழுதுவதென்றால் உங்கள் கணவர் பெயரில் எழுதுங்கள், வெளியாள் பெயரில் வேண்டாம்.

மாமியார் இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், 1986-இல் தொடங்கிய ‘பேஸ்பால் அசிஸ்டன்ஸ் டீம்’ என்ற உதவி அமைப்பின் பெயரையும் குறித்து வையுங்கள். கஷ்டத்தில் இருக்கும் முன்னாள் வீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் உதவுகிறார்கள், விவரத்தை வெளியே சொல்வதில்லை. அது பின்னால். இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். மாமனார் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். எந்த நாள் சேர்ந்தார், முதல் பயணம் எந்த ஊருக்கு, எந்த நாள் விடுவித்தார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அட்டையில் உள்ள தேதியோடு அது ஒத்துப்போனால் அன்றே தபாலில் போடுங்கள்.