மகள் போகும் முகாமுக்கு அம்மாவும் போகலாமா?

வணக்கம்.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளைப் பள்ளியில் இரண்டு இரவு கூடார முகாமுக்கு அழைத்துப் போகிறார்கள். துணைக்கு வரப் பெற்றோரைக் கேட்டார்கள், நானும் பெயர் கொடுத்தேன். கேட்டதும் குதித்தவள் மறுநாள், "வாம்மா, ஆனா என் டென்ட் பக்கம் வராதே" என்கிறாள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. போகலாமா, விலகிக்கொள்ளட்டுமா? ராத்திரி அவள் அழுதால்? போட்டோ எடுத்து மற்ற அம்மாக்களுக்கு அனுப்பலாமா?

- ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

போங்கள். அவள் சொன்னதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. அந்த வயதில் அம்மா கூப்பிடு தூரத்தில் இருக்கவும் வேண்டும், தோழிகள் முன்னால் அம்மா பிள்ளையாகத் தெரியவும் கூடாது. ஆசிரியரிடம் நீங்களே பேசி, அவள் இல்லாத குழுவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக்காரப் பிள்ளை கூட இருப்பது புதிதல்ல. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய சோதனை முகாமில் அவருடைய அண்ணன் மகன், ஒன்பது வயது டொனால்டும் இருந்தான். சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, அணிக்கு ஒரு மூத்த பையனைத் தலைவனாக வைத்தார். உங்கள் மகளுக்கும் அப்படி ஒருவர் இருப்பார். எது வேண்டுமென்றாலும் முதலில் அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். அடிபட்டாலோ பயமாக இருந்தாலோ எந்நேரமும் உங்களிடம் ஓடி வரலாம் என்பதையும் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். "பிடிக்கலைன்னா வீட்டுக்குப் போயிடலாம்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். முதல் சங்கடத்திலேயே அதைப் பிடித்துக்கொள்வாள்.

நீங்கள் தயாராக வேண்டியது இரவுக்குத்தான். பகலெல்லாம் ஓடியாடும் பிள்ளைகளுக்கு வீட்டு ஞாபகம் விளக்கை அணைத்த பிறகுதான் வரும். கூடாரத்தின் ஜிப்பைப் பாதி இறக்கி, "ஆன்ட்டி, வயிறு வலிக்குது" என்று ஒரு முகம் எட்டிப் பார்க்கும். பல சமயம் வலி வயிற்றில் இருக்காது. கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, இன்னொரு பெரியவரின் கண்ணில் படும் இடத்தில் கூட உட்காருங்கள். எந்தப் பிள்ளையோடும் தனியாகக் கூடாரத்துக்குள் இருக்க வேண்டாம். காலையில் என்னென்ன செய்யப் போகிறோம் என்று பேச்சுக் கொடுங்கள். அவசரப்பட்டு வீட்டுக்கு போன் போட்டுக் கொடுத்தால், அம்மா குரல் கேட்டதும் அடங்கியிருந்த அழுகையும் பொங்கிவிடும். காய்ச்சலோ வாந்தியோ, வலி விடவே இல்லை என்றாலோ உடனே ஆசிரியரை எழுப்புங்கள். உங்கள் மகள் அழுதாலும் இதேதான்.

அப்புறம், யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. பத்து வயதிலும் ஏறக்குறைய நூற்றில் 5 பிள்ளைகள் தூக்கத்தில் படுக்கையை நனைக்கிறார்கள். முகாமில் ஒருவராவது அந்தப் பயத்தோடு வந்திருக்கலாம். மாற்றுப் போர்வை, ஒரு கால்சட்டை, உள்ளே இருப்பது தெரியாத பை ஒன்று கையோடு வைத்திருங்கள். மற்றவர்கள் எழும் முன் கேள்வி எதுவும் கேட்காமல் மாற்றிக் கொடுங்கள். கூட நின்று பார்த்தவளாகச் சொல்கிறேன், அந்தப் பிள்ளைக்கு முகாமே அந்த ஐந்து நிமிஷத்தில்தான் இருக்கிறது. விடிந்த பிறகு அவனிடம்கூட அதைப் பற்றிப் பேசாதீர்கள்.

ஆபத்து என்று பார்த்தால், இரவு மூட்டிய நெருப்பின் சாம்பல் காலையிலும் காலைப் பொசுக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, சூடு முழுக்கப் போகும்வரை யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். இடி கேட்டால் கூடாரம் காப்பாற்றாது. கட்டடத்துக்கோ பஸ்ஸுக்கோ கூட்டிப் போய், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் உள்ளேயே வைத்திருங்கள்.

போட்டோ விஷயத்தில் பள்ளி என்ன சொல்கிறதோ அதுதான். மற்றவர் பிள்ளைகளை எடுத்து நீங்களாக வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். உங்கள் மகளை எடுப்பதென்றாலும் அவளைக் கேட்டுவிட்டு எடுங்கள்.