புத்தகத்தைத் திறந்தால் ஓடும் பிள்ளை

கேள்வி: மகளுக்கு இரண்டரை வயது. கதை வாசிக்க ஆரம்பித்தால் இரண்டாம் பக்கத்திலேயே எழுந்து ஓடிவிடுகிறாள். நானும் எட்டாவது வரைதான், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். என்ன செய்வது?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அந்த வயதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலே பெரிது. ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம் புத்தக நடைதான். ‘போனாக, வந்தாக’ என்று கேட்டு வளரும் காதுக்கு ‘சென்றனர், கண்டனர்’ பிடிபடாது. முதல் மூன்று நாள் எழுத்தையே தொடாதீர்கள். மடியில் உட்காரவைத்து, படத்தைக் காட்டி, வீட்டுப் பேச்சிலேயே கதையைச் சொல்லுங்கள். நான்காம் நாளிலிருந்து பக்கத்துக்கு ஒரு வரியை மட்டும் உள்ளபடி வாசித்து, அதையே உடனே பேச்சிலும் சொல்லுங்கள். போகப்போக வரிகளைக் கூட்டலாம்.

எழுத்துக்கூட்டுவது ஒரு தடையே இல்லை. பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி உள்ள புத்தகமாக எடுத்து, பகலில் ஒருமுறை தனியே வாசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

‘இது என்ன, அது என்ன’ என்று அடுக்கினால் கதை பரீட்சையாகிவிடும். ‘நண்டு என்ன செய்யுது?’ என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். பெரியவர்கள் தவறுவது இங்கேதான். இரண்டு எண்ணுவதற்குள் பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். அவள் ‘ஓடுது’ என்றால், ‘ஆமா, வளைக்குள்ள ஓடுது’ என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். மழலையைத் திருத்த வேண்டாம். சரியான உச்சரிப்பு உங்கள் வாயிலிருந்து வந்தால் போதும். செல்போனில் ஓடும் கதை வீடியோ இப்படிக் காத்திருக்காது, பதிலும் சொல்லாது.

கேள்வி: மகன் தினமும் ஒரே கதையைத்தான் கேட்கிறான். மாற்ற வேண்டுமா?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: வேண்டாம். முதல் தடவை என்ன நடக்கிறது என்பதில்தான் பிள்ளையின் கவனம் இருக்கும். சொற்கள் பதிவது திரும்பத் திரும்பக் கேட்கும்போதுதான். சலித்தால் (சலிப்பது நீங்கள்தான், அவனல்ல) வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள். நண்டுக்கு நாலே கால் என்றால், கொடுக்கையும் சேர்த்துப் பத்து என்று சண்டைக்கு வருவான்.

கேள்வி: 1964 தனுஷ்கோடிப் புயலை அப்பத்தா நாலு வயதுப் பேரனுக்குக் கதையாகச் சொல்கிறார். சொல்லலாமா?
– வாசகி, பாம்பன்

பதில்: சொல்லலாம், ஆனால் படுக்கையில் வேண்டாம். கடல் ரயிலை அடித்துச் சென்றதையும் சாவு எண்ணிக்கையையும் சில வருடம் தள்ளி வையுங்கள். இந்த வயதில் அன்று நடந்ததும் இன்று நடப்பதும் ஒன்றாகவே தெரியும். வாடைக்காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே ‘இப்ப வருமா?’ என்பான். ‘பயப்படாதே’ என்பதோடு நிறுத்தாமல், புயல் வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும், பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். காற்று திரும்பியது, தண்ணீர் ஏறியது, யார் யார் எங்கே போய்த் தங்கினார்கள் என்று வரிசையாகச் சொல்வதில் அப்பத்தாவை மிஞ்ச ஆளில்லை. நடந்ததை வரிசை மாறாமல் சொல்லும் பழக்கம் பிள்ளைக்கு அப்படித்தான் வரும். எழுத்து இடமிருந்து வலம் ஓடுவதைப் பார்க்க மட்டும் புத்தகம் வேண்டும்.

கேள்வி: புத்தகம் வாங்க வசதியில்லை.
– வாசகர், மண்டபம்

பதில்: பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நிலை 1 என்று குறித்தவற்றிலிருந்து தொடங்குங்கள். இறக்கி வைத்துக்கொண்டு, வாசிக்கும்போது நெட்டை அணைத்துவிடுங்கள். நடுவில் வாட்ஸ்அப் சத்தம் வந்தால் கதை அதோடு முடிந்தது. விசைப்படகில் போகும் அப்பாக்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாள் இரவுக் கதையை அவர்களிடமே விட்டுவிடலாம்.