சடை பின்ன உரிமம் எதற்கு?

கேள்வி: அழகுக்கலைப் படிப்பு முடித்த என் மகள், அமெரிக்காவில் சடை பின்னுவதற்கே அரசு உரிமம் கேட்பார்கள் என்கிறாள். உண்மையா? இத்தகைய விதிகளால் வேலை கிடைக்கிறதா, பறிபோகிறதா? – ஒரு வாசகி, திருநெல்வேலி.

பதில்: உண்மைதான், ஆனால் எல்லா மாநிலங்களிலும் அல்ல. டெக்சாஸ் மாநிலத்தில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். ஆப்பிரிக்க முறையில் சடை பின்னுவதைத் தொழிலாகக் கொண்ட ஐசிஸ் பிரான்ட்லி என்ற கறுப்பினப் பெண்மணி, உரிமம் இல்லை என்பதற்காக 1997-இல் டல்லாஸில் கைது செய்யப்பட்டார். தாயிடமும் பாட்டியிடமும் கற்றுக்கொள்ளும் இந்தக் கைவேலையில் கத்தரிக்கோலுக்கோ சாயத்துக்கோ ரசாயனத்துக்கோ வேலை இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். 2007-இல் 35 மணி நேரப் பயிற்சி போதும் என விதி தளர்ந்தது. ஆனால் அப்பயிற்சியை அவர் பிறருக்கு அளிக்க வேண்டுமானால், முடிதிருத்தும் பள்ளிக்குரிய நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டியிருந்தது: 2,000 சதுர அடி இடம், 10 சலூன் நாற்காலிகள், தலை அலசும் தொட்டிகள். சடை பின்ன அந்தத் தொட்டி எதற்கு என்று நம் ஊர்த் திண்ணையில் பூ வைத்துப் பின்னிவிடும் எவரும் கேட்பார்கள்! 2015 ஜனவரியில் அந்த நிபந்தனைகள் செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அதே ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் சடை பின்னுதலுக்கு உரிமமே வேண்டாம் என்று முடிவுசெய்தது.

அதற்காக உரிமம் என்றாலே சிறுபான்மையினருக்கு எதிரானது என்று சொல்லிவிட முடியாது. குற்றத் தண்டனை பெற்றவர்களுக்கு உரிமம் மறுக்கப்படும் தொழில்களில், உரிமம் வைத்திருக்கும் கறுப்பின ஆண்களை முதலாளிகள் சந்தேகமின்றி ஏற்பதால், அவர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் இடையிலான ஊதிய இடைவெளி குறைகிறது என்று பீட்டர் பிளேர், பாபி சுங் என்னும் பொருளியலாளர்கள் கண்டறிந்துள்ளனர். ஆனால் சிறை சென்று திரும்பியவருக்கு அதே விதிதான் கதவை அடைக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலும் இதற்கு நெருங்கிய வழக்கு ஒன்று உண்டு. மும்பைத் திரையுலகில் ஒப்பனைக் கலைஞருக்கான சங்க அட்டையை ஆண்களுக்கு மட்டுமே தந்து, பெண்களைச் சிகையலங்காரத்தோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். அது அரசு உரிமம் அல்ல என்றாலும், அட்டை இல்லாமல் படப்பிடிப்பில் ஒப்பனைப் பெட்டியைத் திறக்க முடியாது என்ற நிலையில், நடைமுறையில் அது உரிமமாகவே இருந்தது. சாரு குரானா தொடுத்த வழக்கில், 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. மகாராஷ்டிராவில் ஐந்தாண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதோடு போயிற்று. ஒப்பனைத் திறமைக்கும் குடியிருந்த ஆண்டுகளுக்கும் என்ன தொடர்பு என்பது, டெக்சாஸின் தொட்டியைப் பற்றி எழுந்த அதே கேள்விதான்.