குளோரின் போட்டதும் குளம் டீ நிறமானது ஏன்?

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் வீட்டு நீச்சல் குளத்தைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினோம். கண்ணாடி மாதிரி இருந்தது, குளோரின் போட்ட ஒரு மணி நேரத்தில் கடுங்காப்பி நிறமாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் குளோரின் போடலாமா?

பதில்: வேண்டாம். அது பாசி இல்லை, இரும்பு. மலைச் செம்மண்ணிலிருந்து கரைந்து வரும்போது நிறம் தெரியாது. குளோரின் பட்டதும் துருத்தூளாகப் பிரிகிறது. ஒருவகையில் நல்லதுதான், தூளாகிவிட்டால் பிடித்துவிடலாம்.

10,000 லிட்டருக்கு 250 கிராம் படிகாரத்தை வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். மலைத் தண்ணீரில் காரத்தன்மை பெரும்பாலும் குறைவு. அதனால் முதலிலேயே 200 கிராம் சமையல் சோடா சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் பிஎச் (அமில-கார அளவு) சரியும், படிகாரமும் துருத்தூளைத் திரட்டாது. ஒரு மணி நேரம் சுற்றவிட்டு மோட்டாரை நிறுத்துங்கள். குளிரில் மெதுவாகத்தான் படியும். ஒரு முழு நாள் பொறுங்கள். அடியில் பழுப்புச் சேறு தெரியும். அதை வேக்கம் குழாயால் ஃபில்டருக்கு அனுப்பாமல் நேரே வெளியே உறிஞ்சுங்கள். இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள், மணல் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

சுவரில் கறை இருந்தால் வைட்டமின் சி மாத்திரையை அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். வெளுத்தால் இரும்பு. பச்சை, நீலக் கறையென்றால் ஹீட்டரின் செம்பைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்த முறை கிணற்றுத் தண்ணீரை ஷவர் போலத் தெளித்துத் தொட்டியில் விட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டு, இரவு முழுக்கத் தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் குளத்துக்கு எடுங்கள்.