பதில்: "எப்படியும் பிழைத்திருக்க மாட்டார்" என்று கூட்டத்தை முடித்துவிடுகிறார்கள்

மாதாந்திர இறப்பு ஆய்வுக் கூட்டத்தில் ஒவ்வொரு கேஸ் ஷீட்டையும் இப்படிச் சொல்லியே ஐந்து நிமிடத்தில் மூடிவிடுகிறார்கள், செவிலியரான நான் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். 2009-ல் இங்கிலாந்தின் 10 மருத்துவமனைகளில் நிகழ்ந்த 1,000 இறப்புகளை ஆராய்ந்தபோது, தவிர்த்திருக்கலாம் என்று கணிக்கப்பட்டவை 5.2 சதவீதம். ஆனால் கேள்வியே தப்பு. "காப்பாற்றியிருக்கலாமா?" என்றால் யாராக இருந்தாலும் தற்காப்பில் இறங்கிவிடுவார்கள். "கவனிப்பு எங்கே தாமதமானது?" என்று கேட்டுப் பாருங்கள். ரத்த அழுத்தம் முதலில் இறங்கியது எத்தனை மணிக்கு, டாக்டருக்குச் சொன்னது எப்போது, ஆன்டிபயாட்டிக் போட்டது எப்போது? இந்த மூன்று நேரங்களையும் பத்து கேஸ் ஷீட்டிலிருந்து எடுத்து எழுதினாலே இரவு ஷிப்டில் எங்கே இழுக்கிறது என்று பிடிபடும். பிழைக்கவே வழியில்லாத நோயாளியின் கேஸ் ஷீட்டிலும் அது தெரியும். வலி மருந்து நேரத்துக்குப் போனதா, குடும்பத்திடம் யார் பேசினார்கள் என்பதும் தெரியும். (எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.)

அப்புறம், ஊழியர் பெயர்களை மறைத்துவிட்டுப் பேசுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம், அதற்கு ஒரு பொறுப்பாளர் போதும். அடுத்த கூட்டம் "அது நடந்ததா?" என்பதில் தொடங்கட்டும்.